குன்றைத் தின்னும் சாலைகள்

2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி, பாரிஸ் நகரில் கூடிய உலகப் பாரம்பரியக் கமிட்டி, மராட்டியர் இராணுவக் கோட்டைகள் பன்னிரண்டைத் தனது ஜாபிதாவில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மஹாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நமது செஞ்சி. இந்தக் கௌரவத்தைக் கேட்டு மகிழாத தமிழர் இருக்க முடியாது. இனி வெளியூராரும் வெளிநாட்டாரும் திரளாக வருவார்கள். ஆகையால் செஞ்சிக்கு வரும் சாலைகளையும் சுற்றுப்புறத்துக் கிராமச் சாலைகளையும் அகலப்படுத்திப் புதுப்பிக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுவது இயல்பு. அது நியாயமானது, நாமும் அதை ஆதரிக்கிறோம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் தேசிய நெடுஞ்சாலையின் வேலை வருஷக்கணக்கில் இழுபட்டபோது, இப்பக்கத்து ஜனங்கள் குழியிலும் புழுதியிலும் பட்ட பாட்டை அறிந்தவர் எவரும் நல்ல சாலை வேண்டாமென்று சொல்லத் துணிய மாட்டார்.

ஆனால் சாலை வேண்டுமென்று கேட்கும் நாம், அந்தச் சாலை எந்தப் பொருளால் ஆவது, அந்தப் பொருள் எங்கிருந்து வருவது என்று விசாரிப்பதில்லை. இந்த விசாரணையைப் பிற ஊராரைக் காட்டிலும் செஞ்சிக்காரர் முதலில் தொடங்குவது பொருத்தமாகும். ஏனெனில் செஞ்சியின் பெருமை முழுவதும் கல்லின் மேல் நிற்கிறது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்ததே செஞ்சிக் கோட்டை. 1677-ல் சிவாஜி மஹாராஜா அதைக் கைக்கொண்டார். அவருடைய குமாரர் ராஜாராம் உள்ளிருக்க, மொகலாய சேனை 1690 முதல் 1698 வரையில் எட்டு வருஷம் முற்றுகையிட்டது. 1714-ல் தேசிங்கு ராஜன் மாண்டது இந்த மண்ணில்தான். 1750-ல் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் ஆங்கிலேயரும் இதைப் பிடித்தனர். இத்தனை ராஜ்யங்கள் வந்து போயின. கோட்டைக்கு உண்மையான அரணாக நின்றவை அந்தக் குன்றுகளே. இப்பிராந்தியத்துப் பாறைகள் இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடையவை என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கணித்திருக்கிறார்கள். இங்கிருந்து விழுப்புரம் செல்லும் வழிக்கு அருகே மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை ஒன்றுமில்லாமல் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் கோயில் குடைவித்ததும் இப்பக்கத்துப் பாறையிலேதான்.

முன்னோர் அரணாகவும் ஆலயமாகவும் கண்ட பாறையை, நாம் வெடி வைத்துப் பிளந்து, முக்கால் அங்குல ஜல்லியாகவும் அரை அங்குல ஜல்லியாகவும் தூளாகவும் அரைத்துச் சாலையில் கொட்டி வருகிறோம். எவ்வளவு கொட்டுகிறோம் என்பதை வாசகர்கள் கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

தார்ச்சாலை என்று பெயர் வழங்கினாலும் அதில் தார் சொற்பமே. மேற்பூச்சாகப் போடும் கலவையில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பங்கு தார். மிச்சம் தொண்ணூற்றைந்து பங்கும் கல். 7 மீட்டர் அகலமுள்ள சாலையில் 40 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மேற்பூச்சு போடுவதானால், கிலோமீட்டர் ஒன்றுக்குச் சுமார் 670 டன் கலவை செல்லும். திண்டிவனம் முதல் திருவண்ணாமலை வரையில் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். அகலத்தை 7 மீட்டரென்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், இந்தத் தூரத்துக்கு ஒரே ஒரு முறை மேற்பூச்சு போட 43,000 டன்னுக்கு மேற்பட்ட கலவை வேண்டும். அதிலுள்ள கல்லை மாத்திரம் ஒன்றாகச் சேர்த்து நிறுத்தினால், 25 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 25 மீட்டர் உயரமும் கொண்ட பாறைக் குன்று ஒன்று நம் கண்முன் நிற்கும். இந்த மேற்பூச்சோ ஐந்தாறு வருஷங்களில் தேய்ந்து போவது. மறுமுறை இன்னொரு குன்று தேவை. அடிமட்டத்திலிருந்து புதிதாகப் போடும் சாலைக்கு அரை மீட்டர் கனத்துக்குக் கப்பியும் ஜல்லியும் நிரப்ப வேண்டியிருப்பதால், கிலோமீட்டருக்கு 7,000 டன்னுக்குக் குறையாமல் ஆகிறது.

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது நம்மவர் பழமொழி. நாமோ வண்டியில் ஓடிக்கொண்டே தின்கிறோம்.

இதன் பலனைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமது விழுப்புரம் ஜில்லாவிலேயே, வானூர் வட்டத்துத் திருவக்கரையில், மரங்கள் மண்ணில் புதைந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. கல்மரங்களைக் காண வருவோர் அதே பக்கத்தில் குவாரிகளின் ஆழ்ந்த பள்ளங்களையும் கிரஷர்கள் கக்கும் வெண்புழுதியையும் காண்கிறார்கள். குன்றின் மேல் விழும் மழைதான் சரிவில் இறங்கி ஏரிகளை நிரப்புகிறது. குன்று போனால் அந்த வரத்து போய்விடும். குன்றிருந்த இடத்தில் கிணற்றைக் காட்டிலும் ஆழமான பள்ளம் தோன்றினால், சுற்றிலுமுள்ள கிணறுகளின் நீர் அதற்குள் ஊறி வடியும். குவாரிக்காரர் அதை மோட்டார் வைத்து இறைத்து வெளியே விடுவார். விவசாயி வறண்ட கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கல்லுடைக்கும் தொழிலாளியின் கதி இதனினும் பரிதாபமானது. கற்றூள் நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோஸிஸ் என்ற வியாதிக்கு வைத்திய சாஸ்திரத்தில் பரிகாரமில்லை. வராமல் தடுப்பது ஒன்றே வழி. 2022-ஆம் வருஷம் மே மாதத்தில் திருநெல்வேலிப் பக்கத்து அடைமிதிப்பான்குளத்திலும், 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் சிவகங்கை ஜில்லா மல்லாக்கோட்டையிலும் குவாரிப் பாறை சரிந்து தொழிலாளிகள் உயிரிழந்ததை நாடு மறந்திருக்காது. சாலையில் சௌகரியமாகச் செல்பவன் அந்த உயிர்களுக்கும் கடன்பட்டவன்.

தாரின் கதையும் இத்தகையதே. அது மண்ணெண்ணெய், பெட்ரோல் முதலியவற்றைப் பிரித்தெடுத்த பின் கச்சா எண்ணெயில் தங்கும் கசடு. நமது தேசத்துக்கு வேண்டிய தாரில் ஒரு பெரும் பங்கு அந்நிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அதற்கு நாம் அந்நியச் செலாவணி கொடுக்கிறோம். பிறகு அந்தத் தாரையும் ஜல்லியையும் 150, 160 டிகிரி வரையில் காய்ச்ச எண்ணெய் எரித்துப் புகை விடுகிறோம். அந்நியத் துணியைக் கொளுத்திய தேசத்தில், அந்நியத் தாரை எப்படி மிச்சம் பிடிப்பது என்ற யோசனை பலமாக எழாதது நமக்கு வியப்பளிக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு யோசனை பிறக்கவேயில்லை என்று நாம் சொல்லவில்லை. மதுரை தியாகராஜர் இன்ஜினீயரிங் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராயிருந்த ஸ்ரீ வாசுதேவன், சூடேறிய ஜல்லியின் மீது கழிவுப் பிளாஸ்டிக்கைத் தூவி உருகிப் படியச் செய்து, அதன் பின் தார் கலக்கும் முறையைக் கண்டார். 2002-ல் சென்னை ஜம்புலிங்கம் தெருவில் அவ்வகைச் சாலை போடப்பட்டது. 2013-ல் இந்திய சாலைக் காங்கிரஸ் அதற்கு விதிமுறை வகுத்தது. 2018-ல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. தெருக்குப்பையில் கிடந்ததைச் சாலைக்குப் பயன்படச் செய்த அந்தத் தமிழரை நாம் மனமார வாழ்த்துகிறோம்.

ஆயினும் பிளாஸ்டிக் சாலை போட்டுவிட்டோம், ஆகையால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது தவறு. அம்முறையில் தாரின் எடையில் நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு வரையில் பிளாஸ்டிக் சேர்க்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் கிலோமீட்டருக்கு வேண்டிய தார் 33 டன்; அதில் மிச்சமாவது அதிகம் போனால் இரண்டரை டன்னுக்குச் சற்று மேல். கல்லில் ஒரு கூடைகூட மிச்சமாவதில்லை. சாலை தேயும்போது பிளாஸ்டிக் துகள் மண்ணிலும் நீரிலும் சேருமோ என்ற கவலையும் சாஸ்திரிகளுக்கு உண்டு. எனவே தாருக்கு இது ஒரு சிறு உதவி. குன்றைக் காப்பாற்ற வேறு உபாயம் தேட வேண்டும்.

அந்த உபாயம் நம் காலடியிலேயே கிடக்கிறது. மேலே கூறிய 65 கிலோமீட்டர் சாலையின் அடியில், கிலோமீட்டருக்கு 7,000 டன் வீதம், நாலரை லட்சம் டன் கல் முன்பே உடைத்துப் போடப்பட்டிருக்கிறது. தேய்வது மேற்பரப்பு, வெடிப்பது தார். உள்ளே இருக்கும் கல் கல்லாகவேதான் இருக்கிறது. இருநூறு கோடி ஆண்டு நின்ற பாறை, பத்து வருஷம் லாரி ஓடியதனால் கெட்டுப்போய்விடாது. பழைய சாலையே புதிய சாலைக்குக் குவாரியாக வேண்டும் என்பதே நாம் இன்று சொல்ல வந்த விஷயம்.

இதற்கான முதற்படியை சர்க்கார் முன்பே எடுத்து வைத்துவிட்டது. சாலை மேல் சாலையாகப் போட்டுப் போட்டு, வீதி உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் அமிழ்ந்து, ஒரு மழைக்கே வீட்டுக்குள் வெள்ளம் புகும் நிலை நமது ஊர்களில் ஏற்பட்டது. 2021-ஆம் வருஷம் மே மாதத்தில், அப்போது தலைமைச் செயலாளராயிருந்த ஸ்ரீ இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதிய பூச்சு போட வேண்டுமென்று உத்தரவிட்டார். அது நல்ல உத்தரவு. வீடுகளைக் காக்கும் உத்தரவு. ஆனால் சுரண்டியெடுத்த பொருள் எங்கே போகிறது? காலி மனையை மேடாக்கவும், பள்ளத்தைத் தூர்க்கவும், சில இடங்களில் நீர்நிலைக் கரையில் கொட்டவும் அது போவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அது குப்பையல்ல. ஒவ்வொரு டன்னிலும் சுத்தமான ஜல்லியும், அதைப் பற்றியிருக்கும் நாற்பது, ஐம்பது கிலோ தாரும் அடங்கியிருக்கின்றன. அதைக் கொட்டிவிட்டு, புதிய கல்லுக்குக் குன்றையும் புதிய தாருக்குக் கப்பலையும் எதிர்பார்ப்பது, களஞ்சியத்து நெல்லை வீதியில் இறைத்துவிட்டுக் கடைக்கு அரிசி வாங்கப் போவதை ஒக்கும்.

அதைத் திரும்பப் பயன்படுத்தும் வழிகள் மூன்று. முதலாவது, சுரண்டிய பொருளைக் கலவை ஆலைக்குக் கொண்டுபோய்ச் சலித்து, குறித்த அளவு புதிய ஜல்லியோடும் தாரோடும் சேர்த்துக் காய்ச்சி மறுபடி சாலையில் போடுவது. இரண்டாவது, பழைய சாலையை இருக்குமிடத்திலேயே யந்திரத்தால் ஆழமாகக் கிளறி, சிமெண்டோ தார்ப்பாலோ கலந்து, அங்கேயே ரோலர் ஓட்டி இறுக்கி, மேலே மெல்லிய பூச்சு மட்டும் கொடுப்பது. மூன்றாவது, மேற்பரப்புக்கு உதவாததை அடித்தளத்துக்கும் சாலையோரத்துக்கும் பயன்படுத்துவது. இவை எவரும் பரீட்சித்துப் பாராத கனவுகளல்ல. ஜப்பான் தேசத்தில் பழைய தார்ச்சாலையிலிருந்து எடுத்த பொருள் ஏறக்குறைய முழுவதும் மறுபடி உபயோகமாகிவிடுகிறது. அந்நிய தேசத்து உதாரணம் வேண்டாமென்பவர்கள் உத்தரப் பிரதேசத்தைப் பார்க்கட்டும். அங்கே பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், கிராமச் சாலைகளைக் கிளறிச் சிமெண்டு கலந்து அதே இடத்தில் மறுபடி போடும் முறையைப் பெரிய அளவில் கையாண்டார்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் தார்ச்சாலைகளை மறுபடி உபயோகிப்பதற்கென்றே 2015-ல் ஒரு நடைமுறை நூலை வெளியிட்டிருக்கிறது. பெயரைக் கேட்டு வாசகர் மயங்க வேண்டாம். இந்தக் காங்கிரஸ் 1934-ல் ஏற்பட்ட இன்ஜினீயர்களின் சபை. அதன் பேச்சைச் சாலை வேலையில் எந்தக் கட்சியாரும் தட்டுவதற்கில்லை.

இதனால் மிச்சமாவது எவ்வளவு? மேற்பூச்சில் நூற்றுக்கு முப்பது பங்கு பழைய பொருளைச் சேர்த்தால், கிலோமீட்டருக்கு 200 டன் புதிய கலவை வேண்டியதில்லை. 65 கிலோமீட்டருக்கு 13,000 டன் ஆகிறது. பழைய பொருளோடு ஒட்டிவரும் தார் முழுதும் பயன்படுமாயின், கிலோமீட்டருக்கு ஒன்பது டன் தாரும் மிச்சம். அதாவது பிளாஸ்டிக்கினால் மிச்சமாவதைப் போல மூன்று மடங்குக்கு மேல். அடித்தளத்தையும் கிளறிப் போடும் முறையில் மிச்சம் இதனினும் பன்மடங்கு. இதோடு, சூட்டை இருபது முதல் நாற்பது டிகிரி வரையில் குறைத்துக் கலக்கும் மிதச்சூட்டு முறையையும், தார்ப்பாலைக் கொண்டு காய்ச்சாமலே கலக்கும் குளிர்முறையையும் சிறு சாலைகளில் கைக்கொண்டால், எண்ணெயும் புகையும் குறையும். சாலையை உயர்த்த மண் வேண்டியிருக்கும் இடங்களில், ஏரி மண்ணையும் கிராவலையும் தோண்டாமல், நெய்வேலி அனல் மின் நிலையச் சாம்பலைப் பயன்படுத்தலாம். அனல் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் சாலை வேலைகளில் சாம்பலை உபயோகிக்க வேண்டுமென்று மத்திய சர்க்கார் 2021-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அறிவிக்கை வெளியிட்டது. நெய்வேலி நமக்கு அதில் பாதித் தூரம்கூட இல்லை. சாம்பல் நீரில் கரைந்து ஏரியில் இறங்காதபடி மண் போர்த்திக் காப்பது மாத்திரம் கண்டிப்பாயிருக்க வேண்டும்.

இனி ஆக்ஷேபங்களைக் கவனிப்போம். பழைய தார் வெயிலில் காய்ந்து முறுகிப்போனது. அதைச் சேர்த்தால் சாலை விரைவில் வெடிக்கும் என்பார்கள். அளவு தெரியாமல் அள்ளிக் கொட்டினால் வெடிக்கத்தான் வெடிக்கும். எவ்வளவு முறுகியிருக்கிறது என்று பரீட்சை செய்து, அதற்கேற்ப இளகிய தாரோ, அதை இளக்கும் எண்ணெயோ சேர்ப்பதற்கு முறைகள் உண்டு. பரீட்சைச் சாலை இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பதை நாம் முற்றிலும் ஒப்புக்கொள்கிறோம். புதிய பொருளுக்கும் அந்தப் பரீட்சை கண்டிப்பாய் நடந்தால் நமது சாலைகள் இன்று இருப்பதைக் காட்டிலும் நன்றாயிருக்கும் என்பதையும் கூடவே சொல்லி வைக்கிறோம்.

சிறிய காண்ட்ராக்டர்கள் யந்திரத்துக்கு எங்கே போவார்கள் என்பது இரண்டாவது ஆக்ஷேபம். இதில் நியாயமுண்டு. செஞ்சிப் பேரூராட்சியின் வீதிக்கும் பக்கத்துக் கிராமச் சாலைக்கும் டெண்டர் எடுப்பவர் தனியாக ஒரு ஆலை வைக்க முடியாது. நெல் கொண்டுவரும் ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் கட்டிக்கொள்ளவில்லை. சர்க்கார் கட்டிய கூடத்தில் எல்லாரும் நெல்லை இறக்குகிறார்கள். அதுபோல் ஜில்லாவுக்கு ஒரு பொதுக் களமும், சலிக்கும் யந்திரமும், பரீட்சைச் சாலையும் நெடுஞ்சாலைத் துறை வைத்து நடத்தட்டும். சுரண்டிய பொருளை அங்கே இறக்கட்டும். தரம் பிரித்ததை அங்கிருந்து நியாய விலைக்கு எடுக்கட்டும்.

செலவு அதிகமாகும் என்பது மூன்றாவது ஆக்ஷேபம். குன்றுக்கு விலையே வைக்காமல் கணக்கிட்டால் புதிய கல் மலிவாகத்தான் தோன்றும். வறண்ட கிணறு, தூர்ந்த ஏரி, நோயுற்ற தொழிலாளி இவர்களுடைய நஷ்டம் டெண்டர் காகிதத்தில் எழுதப்படுவதில்லை. கல்லின் விலையோ நாளுக்கு நாள் ஏறுகிறது. கனிம நிலங்களின் மீது வரி விதிக்க மாகாணங்களுக்கு அதிகாரமுண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2024-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தீர்ப்பளித்தது. அதன்பின் நமது சட்டசபை நிறைவேற்றிய கனிம நில வரிச் சட்டம் 2025 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. குவாரிக்காரரும் கிரஷர்காரரும் வேலைநிறுத்தம் செய்ததும், ஜல்லி விலை ஏறியதும் அனைவரும் அறிந்தவை. புதிய கல்லுக்கு வரி விதிப்பது முறையே. ஆனால் ஒரு கையால் கல்லுக்கு வரி விதித்துவிட்டு, மறு கையால் தன் சாலையிலிருந்து எடுத்த கல்லை வீதியோரத்தில் கொட்ட அனுமதிக்கும் சர்க்காரை நல்ல குடித்தனக்காரர் என்று யார் சொல்லுவார்?

சட்டத்தில் இதற்கு இடமில்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. சிறு கனிமக் குத்தகைக்கும், பரப்பு ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்ததாயினும், சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-ஆம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி தீபக் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் விதித்தது. 2016 ஜனவரியில் வந்த திருத்தத்தின்படி ஜில்லாதோறும் கனிம ஆய்வறிக்கை தயாராக வேண்டும். அதே 2016-ல் வெளியான கட்டடக் கழிவு விதிகள், சர்க்கார் வேலைகளிலும் நகரசபை வேலைகளிலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரையில் கழிவிலிருந்து செய்த பொருளை வாங்க வேண்டுமென்று கூறின. புராதனச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடுக்கப்பட்ட எல்லை. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட எல்லை. சட்டத்தின் கோடு அவ்விடத்தில் நின்றுவிடுகிறது. செஞ்சியின் குன்றுகள் அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. ராஜகிரியின் உச்சியேறிப் பார்ப்பவனுக்குத் தொடுவானம் வரையில் தெரியும் பாறைக் குன்றுகள் அத்தனையும் சேர்ந்ததுதான் செஞ்சி. மதிலை மாத்திரம் காப்பாற்றிவிட்டு அக்குன்றுகளை ஒவ்வொன்றாக ஜல்லியாக்கினால், உலகத்தார் எதைக் காண இங்கே வருவார்கள்?

ஆகவே நமது கோரிக்கைகளைச் சுருக்கமாகக் கூறுகிறோம். முதலாவது: சாலையைச் சுரண்டும் ஒவ்வொரு வேலையிலும், சுரண்டிய பொருளை எடை போட்டு, அது சர்க்கார் சொத்து என்று பதிந்து, எங்கே சென்றதென்று கணக்குக் காட்டினாலன்றிக் காண்ட்ராக்டருக்குக் கடைசித் தவணைப் பணம் கொடுக்கக் கூடாது. இரண்டாவது: விழுப்புரம் ஜில்லாவின் சாலை டெண்டர்களில் பழைய பொருளைக் குறைந்தபட்சம் இவ்வளவு சேர்க்க வேண்டுமென்று நிபந்தனை எழுத வேண்டும், இருபது பங்கில் தொடங்கிப் பரீட்சையின் முடிவுக்கேற்ப உயர்த்தலாம். மூன்றாவது: ஜில்லா கனிம ஆய்வறிக்கையில், மலையில் எவ்வளவு கல் இருக்கிறதென்று எழுதும் இடத்துக்கு எதிரே, பழைய சாலைகளில் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் எழுத வேண்டும், அதைக் கழித்த பிறகே புதிய குத்தகையைப் பற்றி யோசிக்க வேண்டும். நான்காவது: முதற் சோதனையைச் செஞ்சியில், கோட்டைக்குச் செல்லும் சாலையிலேயே செய்து காட்ட வேண்டும்.

போட்ட சாலையைக் காப்பாற்றுவதும் குன்றைக் காப்பாற்றுவதே என்பதை ஐந்தாவதாகச் சேர்க்கிறோம். சாலைக்குப் பெரிய சத்துரு நீர். ஓரத்தில் வடிகால் இல்லாத சாலை எத்தனை கனமாயிருந்தாலும் ஊறிப் பெயரும். அடுத்த சத்துரு அளவுக்கு மிஞ்சிய பாரம். அச்சின் மேல் ஏறும் பாரம் இரட்டித்தால் சாலைக்கு உண்டாகும் சேதம் பதினாறு மடங்கு வரையில் பெருகும் என்று அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரையில் நடந்த பெரிய சோதனையிலிருந்து இன்ஜினீயர்கள் கணித்திருக்கிறார்கள். ஜல்லி ஏற்றிய லாரியே பல சமயங்களில் அளவு மீறிப் பாரமேற்றி, தான் கொண்டுவரும் ஜல்லியால் போட்ட சாலையைத் தானே உடைத்துக்கொண்டு போகிறது. வடிகாலைத் தூர்வாருவதும், எடை மேடையில் லாரியை நிறுத்துவதும் குன்றுக்குச் செய்யும் தொண்டுகளே.

தேசத் தொண்டர்களுக்கு இங்கே வேலையிருக்கிறது. மேடைப் பேச்சுக்கும் ஊர்வலத்துக்கும் வரும் இளைஞர்கள், தங்கள் கிராமத்தில் சாலை வேலை நடக்கும் நாளில் ஒரு நோட்டுப் புஸ்தகத்தோடு போய் நிற்கட்டும். எத்தனை லாரி பொருள் சுரண்டப்பட்டது, அது எங்கே இறங்கியது, எத்தனை லாரி புதிய ஜல்லி வந்தது என்று எழுதட்டும். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி மதிப்பீட்டையும் அளவுப் புஸ்தகத்தையும் கேட்டு வாங்கட்டும். அடுத்த கிராம சபையில் அந்தக் கணக்கைப் படித்துக் காட்டட்டும். உப்புக்காக நடந்த தேசத்தில் கல்லுக்காக நாலு மைல் நடப்பது பெரிதல்ல.

தஞ்சையில் பிறந்து, காந்தியடிகளின் பொருளாதாரத் தத்துவத்தை விளக்கிய ஜே. ஸி. குமரப்பா, எடுக்க எடுக்கக் குறையும் செல்வத்தையும், வருஷந்தோறும் ஊறி வரும் செல்வத்தையும் வேறு பிரித்துக் காட்டினார். முன்னதை நம்பி வாழும் சமூகம் பூசலில் முடியும் என்று எச்சரித்தார். மலையிலுள்ள கல் குறையும் செல்வம். அதை ஊறும் செல்வமாக்க யாராலும் இயலாது. ஆனால் ஒரு முறை எடுத்ததைப் பல முறை உபயோகிக்க நம்மால் இயலும். நமது பாட்டனார் போட்ட சாலையின் கல்லே நமது பேரன் போடும் சாலைக்கும் உதவட்டும். செஞ்சிக்கு நல்ல சாலை வேண்டும். அந்தச் சாலையில் வருகிறவன் நிமிர்ந்து பார்க்கும்போது குன்றும் நிற்க வேண்டும். இரண்டும் ஒருங்கே கிடைப்பதற்கு வழியிருக்கிறது. அதைச் செய்விக்கும் பொறுப்பு ஜில்லா அதிகாரிகளுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு நமக்கும் உண்டு.